கால் ரெண்டும் சீட்டு மேல

ஹலோ… ஹலோ… ஆங், கேக்குது அண்ணி, சொல்லுங்க…

…ஆமா, கீழதான் நிக்கிறான். எனக்கு மட்டுமா தெரியும், தெருவுக்கே தெரியும். வந்ததுலேருந்து ஹாரன்ல வெச்ச கையை எடுக்கல உங்க வீட்டுக்காரர்… இதோ! இப்பக் கேட்டுச்சா?… கேட்டுச்சுல்ல? மண்டை மேல டிரைவிங் ஸ்கூல்னு போர்டு வெச்ச காரு அண்ணி அது. அவசியம் இல்லாம ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு முதல் வகுப்புலயே சொல்லிக் குடுக்கறோம். சொல்லிக் குடுக்கறவனே இப்படி அடிச்சா எவன் நம்மகிட்ட கத்துக்க வருவான்?

…கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்… ஆமா… ஆமாங்கறேன்ல. டிரெஸ் மாத்தியாச்சு, தலை வாரியாச்சு, ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வெச்சாச்சு. செருப்பு மட்டும்தான் பாக்கி…

…இவ்வளவு நேரமா செருப்பா போடறேன்னா? ஆமா, செருப்புதான் போடறேன். உங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை, எனக்கு அது பெரிய பேச்சுவார்த்தை. குனியாதே, திரும்பாதே, கையை மேல தூக்காதேன்னு அந்த டாக்டர் சொல்லி அனுப்பிட்டாரு. முதுகுக்குள்ள விட்டிருக்கற வயரு நகந்துடுமாம். அதனால நான் கம்பம் மாதிரி நேரா நின்னுக்கிட்டு, செருப்பைப் பார்த்து, "நீயா வந்து மாட்டிக்கோ"ன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன். வர மாட்டேங்குது அது.

…அவனை மேல கூப்பிடறதா? வேணாம் வேணாம்! அண்ணன் வந்து எனக்குச் செருப்பு மாட்டி விடறதா? அதுக்கு நான் வெறுங்காலோடயே வந்துடுவேன். அதுவும் என் காலை யாரும் தொடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? தொட்டா ஊரைக் கூட்டிடுவேன்… ஆமா, போன தடவை டாக்டரையே உதைக்கப் போயிட்டேன். பாவம், மனுஷன் பஞ்சால லேசாத் தடவினாரு, அவ்வளவுதான். நாற்காலியோட பின்னாடி போயிட்டாரு…

…இருங்க, ஜன்னல்கிட்ட போறேன்… அண்ணா! வர்றேன்! வர்றேன்னு சொல்றேன்ல!… வாட்சைத் தட்டித் தட்டிக் காட்டறான் அண்ணி. கீழ் வீட்டுக்காரர் வேற வெளிய வந்து, இவனையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்க்கறாரு… சரி, சொல்லுங்க. கடையில கூட்டம் இல்லையா? யாருக்காவது மூக்குக்கண்ணாடி மாட்டி விட வேண்டிய நேரத்துல எனக்குப் போன் பண்ணிக்கிட்டு…

…வலியா? இப்பவா?… இருக்கு… இருக்குன்னா இருக்கு, அவ்வளவுதான்… நம்பர்லயா? ஐயோ, நீங்களுமா! காலையிலதான் ஆஸ்பத்திரி சிஸ்டர் போன் பண்ணி, "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க மேடம்"னு கேட்டாங்க. பத்துன்னா தாங்கவே முடியாத வலி, சைபர்னா வலியே இல்ல. நான் வழக்கம்போல ஏழு போட்டேன்… ஏன் ஏழுன்னா? நான் எல்லாருக்கும் ஏழுதானே போடுவேன். ரிவர்ஸ்ல போய்ச் செவுத்துல இடிச்சவனுக்கும் ஏழு, பூப்போல ஓட்டறவளுக்கும் ஏழு. ஆறு போட்டா அழுவாங்க, எட்டு போட்டா அடுத்த நாள்லேருந்து வகுப்புக்கு வர மாட்டாங்க. உங்களுக்கும் ஏழுதான் போட்டேன், மறந்துட்டீங்களா?

…ஆமா, வலியை அமுக்கக் கரண்ட் விடற இந்தப் பொட்டியை வெக்கறதுக்கு முன்னாடியும் ஏழு, இப்பவும் ஏழு… அதைத்தான் சிஸ்டரும் சொன்னாங்க. இந்த ஒரு வாரமும் வெள்ளோட்டம்தானே. வலி பாதியாவது குறைஞ்சாத்தான் நிரந்தரமா உள்ள வெக்கறதுல அர்த்தம் இருக்காம். இல்லன்னா இன்னிக்கு வயரை உருவிட்டு, பிளாஸ்திரி ஒட்டி, போய்ட்டு வாம்மான்னு அனுப்பிடுவாங்களாம்… சரிதானே அண்ணி? வேலைக்கு ஆகாததை எதுக்கு உடம்புக்குள்ள ஒளிச்சு வெக்கணும்? நான் என்ன கடத்தல்காரியா?

…சரி சரி, கோவப்படாதீங்க…

…இல்ல, வலி இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்? எரியுது. அடுப்பு மேல ஏறி நிக்கற மாதிரி எரியுது. போர்வை பட்டாக்கூட உயிர் போகுது. அதுக்காகக் கால்மாட்டுல ஒரு ஸ்டூலைக் கவுத்துப் போட்டு, அது மேல போர்வையை விரிச்சு, காலுக்குன்னு தனியா ஒரு கூடாரம் அடிச்சுக் குடுத்திருக்கேன்… சிரிங்க, சிரிங்க. நானே சிரிச்சேன். மனுஷி ஒரு வீட்ல, அவ காலு தனிக்குடித்தனம். வாடகை மட்டும் ரெண்டுக்கும் நான் ஒருத்தி.

…ஐயோ, அந்தப் பொட்டியை ஏன் கேக்கறீங்க. முதுகுலேருந்து ரெண்டு வயரு, இடுப்புல பெல்ட்டு, பெல்ட்டுல பொட்டி, கையில ரிமோட்டு. குளிக்கக் கூடாது, துடைச்சுக்கலாமாம். ரிப்பேருக்கு வந்த ஃபேன் மாதிரி வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கேன். அதுல நேத்து ஒரு கூத்து நடந்துச்சு பாருங்க. சாயங்காலம் நியூஸ் பார்க்கலாம்னு ரிமோட்டை எடுத்து அமுக்கறேன், அமுக்கறேன், டி.வி. பேசாம கிடக்கு. எனக்கு இங்க முட்டிக்குக் கீழ ஜிவ்வுனு ஏறுது! டி.வி.யைப் போடறதுக்குப் பதிலா என்னைப் போட்டுட்டேன் அண்ணி! ஹாஹா… நான் ஆன் ஆயிட்டேன், நியூஸ்காரி ஆஃப்லயே…

…ம்?… என்ன கேட்டீங்க?… இல்ல, டி.வி.யைத்தான் போடப் போனேன்… ஆமா, நான்தான் ஆன் ஆனேன், அதைத்தானே சொன்னேன்…

…அதுக்கு முன்னாடியா?…

…அண்ணி, கடையில யாரோ வந்திருக்காங்க போல, பேச்சு சத்தம் கேக்குதே… யாரும் இல்லையா… இங்க சிக்னல் விட்டு விட்டு வருது. ஹலோ?… ஹலோ?… உங்களுக்கு நல்லாக் கேக்குதா. சரி.

…ஆமா… ஆமா அண்ணி, பொட்டி ஆஃப்லதான் இருந்துச்சு… இப்பவும் ஆஃப்லதான் இருக்கு… முதல் நாள் ராத்திரியிலேருந்து…

…கத்தாதீங்க, கடையில கண்ணாடி எல்லாம் உடையப் போகுது… கத்தாதீங்கன்னு சொல்றேன்ல… ஆமா, பொய்தான். சிஸ்டர்கிட்டயும் பொய், டாக்டர்கிட்டயும் பொய்… பொய்னா முழுப் பொய் இல்ல. ஏழுன்னு சொன்னேன், ஏழுதான் இருந்துச்சு. பொட்டி ஆன்ல இருக்கான்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல… ஆமா, நீங்கதான் கேட்டீங்க. கண்ணாடிக் கடைக்காரங்களுக்குப் பார்வை கூர்மைன்னு எனக்கு யாரு சொன்னா?

…பயமா? எனக்கா? உள்ள வெக்கப் போற பேட்டரிக்கா? போங்க அண்ணி. இடுப்புக்குக் கீழ, உக்கார்ற இடத்துக்குக் கொஞ்சம் மேல, தோலுக்கு அடியில வெப்பாங்களாம். நல்ல இடம்தான் பார்த்திருக்காங்க, எனக்கு அங்க இடத்துக்கா பஞ்சம்? சார்ஜ் போடணுமாம். போனுக்கே சார்ஜ் போட மறக்கறவ நான், எனக்கே சார்ஜ் போட ஞாபகம் இருக்குமா? நடுத்தெருவுல நின்னுட்டேன்னா அண்ணன் வந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணணும். ஏர்போர்ட்ல போனா பீப் பீப்னு…

…சரி… இல்ல… விளையாட்டாப் பேசலன்னா என்னால பேசவே முடியாது அண்ணி…

…சொல்றேன். சொல்றேன், இருங்க. ஆனா அண்ணன்கிட்ட சொல்லக் கூடாது. ஸ்பீக்கர்ல போடலையே?… சத்தியமா?… சரி.

முதல் நாள் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தேன்ல, பொட்டியைப் போட்டுக்கிட்டுப் படுத்தேன். தூங்கினேன் அண்ணி. படுத்தது மட்டும்தான் ஞாபகம். எத்தனை மாசம் ஆச்சு அப்படித் தூங்கி! நடுவுல முழிப்பு வந்துச்சு. எரியல. ஒண்ணுமே இல்ல. லேசா ஒரு ஜிவ்வு, அவ்வளவுதான். வேற யாரா இருந்தாலும் துள்ளிக் குதிச்சிருப்பாங்கல்ல? நான் காலைத் தேடினேன்… காலைத்தான்… என் காலைத்தான் அண்ணி, வேற யார் காலைத் தேடப் போறேன்? எரிச்சல் போனதும், முட்டிக்குக் கீழ ஆளே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. லைட்டைப் போட்டு, கூடாரத்தைத் தள்ளிட்டுப் பார்க்கறேன், ரெண்டும் அங்கதான் இருக்கு. நகம் கூட வெட்டாம, ஒண்ணும் தெரியாத அப்பாவி மாதிரி படுத்துக் கிடக்கு. விரலை ஆட்டறேன், ஆடுது. ஆனா ஆடறது கண்ணுக்குத்தான் தெரியுது, எனக்குத் தெரியல. அப்படியே வேர்த்துடுச்சு.

…என்ன பண்ணினேனா? பொட்டியை ஆஃப் பண்ணிட்டேன். கொஞ்ச நேரத்துல முதல்ல விரலு, அப்புறம் உள்ளங்கால், ஒண்ணொண்ணா எரிய ஆரம்பிச்சுது. "அப்பாடா, வந்துட்டியா"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். வலி வந்துச்சேன்னு நிம்மதியான ஒரே லூசு இந்த உலகத்துல நானாத்தான் இருப்பேன்…

…அழல. ஜலதோஷம்…

…அது மட்டும் இல்ல. டாக்டர் அன்னிக்குக் கடைசியா ஒண்ணு சொன்னாரே, நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. "இது வலியைத்தான் பார்த்துக்கும்மா. சக்கரையால மரத்துப் போன உணர்ச்சி திரும்ப வரும்னு நம்பி இதை வெச்சுக்காதீங்க"ன்னாரு. நான் கூட, "பரவாயில்ல டாக்டர், நான் எதையும் நம்பறதில்ல"ன்னு ஜோக் அடிச்சேன். அவரு சிரிக்கல. "அப்ப வண்டி சொல்லிக் குடுக்கறது?"ன்னு கேட்டேன். அதுக்கும் சிரிக்கல…

…தெரியும் அண்ணி. தெரியும். வண்டி கத்துக்க வந்த அந்தப் பேங்க்காரரை மறக்க முடியுமா! பாவம், "மேடம், வண்டி இழுக்க மாட்டேங்குது"ன்னாரு. "வண்டி நல்லாத்தான் இழுக்கும், கிளட்ச்சை விடத் தெரியல உங்களுக்கு"ன்னு நான் கத்தறேன். கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்சுன்னா என்னன்னு தெரியுமா சார்? அவரு வேர்த்து விறுவிறுத்து, வேலையை விட்டுடலாமான்னு யோசிக்கற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்றாரு. நல்லவேளை அண்ணன் பைக்ல பின்னாடி வந்தான். தெரு பூரா பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே போகுதாம்! என் கால்! பயிற்சியாளர் மேடத்தோட திருக்கால்! தரையில வெச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு, சொல்லிக் குடுக்கறவங்களுக்குன்னு நம்ம பக்கம் வெச்சிருக்கற பிரேக் மேல ஜம்முனு உக்கார வெச்சுக்கிட்டு, அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்திருக்கேன்…

…சிரிங்க. இதுக்குச் சிரிக்கலாம். அவரே சிரிச்சாரு, அப்புறமா. இப்ப நம்மள விட நல்லா ஓட்டறாராம்.

…ஆனா அண்ணி, அன்னிக்கு அண்ணன் சாவியை வாங்கிக்கிட்டு, "கால் சரியாகற வரைக்கும் நீ வீட்ல இரு"ன்னு சொன்னான்ல. அந்த வார்த்தையைத்தான் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன். சரியாகற வரைக்கும். கால் எரிஞ்சுக்கிட்டு இருந்தா அது இன்னும் சரியாகல. சரியாகலன்னா, சரியாகும்னு ஒரு இது இருக்கு. இந்தப் பொட்டியை உள்ள வெச்சு, எரிச்சலும் போயி, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டா… அப்புறம் நான் எதுக்குக் காத்திருக்கறது? வலி போயிடும், சரி. வேலையும் போயிடும்ல? அந்தப் பக்கத்து சீட்டு இனிமே எனக்கு இல்லன்னு ஆயிடும்ல?

…இருங்க, அடிக்கறான். கேக்குதா?… அடிக்கட்டும்…

…அதுவா? ஞாபகம் இல்லாம என்ன. உங்க டெஸ்ட்டுக்கு முந்தின நாள்தானே. நம்ம ஸ்கூல்ல யாரா இருந்தாலும் கடைசி நாள் நான் அதைத்தானே செய்வேன். செருப்பைக் கழட்டிட்டு, ரெண்டு காலையும் மடக்கி சீட்டு மேல வெச்சுக்குவேன். இன்னிக்கு உனக்கு என் பிரேக் கிடையாது, ஓட்டுன்னு சொல்லுவேன். நீங்க போட்ட கூச்சல் இருக்கே! "காலைக் கீழ வைங்க, காலைக் கீழ வைங்க"ன்னு அந்த மேம்பாலம் முழுக்க. ரோட்டைப் பார்க்காம என் காலையே பார்த்துக்கிட்டு… "காலைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க"ன்னு நான் கத்த… அப்புறம் மேம்பாலம் இறங்கினதும் திரும்பி என்னைப் பார்த்தீங்களே ஒரு பார்வை. அந்த மூஞ்சியைப் பார்க்கறதுக்குத்தான் அண்ணி நான் இந்த வேலையையே செஞ்சேன். வேற என்ன இருக்கு இதுல? வெயிலு, புகை, கத்தி கத்தித் தொண்டை போச்சு. அந்த ஒரு மூஞ்சி. ஓட்ட வந்துடுச்சுன்னு தெரியற அந்த மூஞ்சி…

…ம்… ம்… சொல்லுங்க, கேக்கறேன்…

…என்ன சொன்னீங்க?… புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க…

…பேங்க்காரர் வந்த அன்னிக்கா? வலி இருந்துச்சாவா? இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்குக் கொழுந்து விட்டு எரிஞ்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். அதனாலதான் அவர் மேல எரிஞ்சு விழுந்தேன்னு கூட…

…ஆமா… எரிஞ்சுது…

…பிரேக் மேல கால் இருந்தது தெரிஞ்சுதான்னா… தெரியல… தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டேனா?…

…

…இருக்கேன் அண்ணி. லைன்லதான் இருக்கேன். உக்காந்துட்டேன்.

…எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா கால் எங்க இருக்குன்னு அது சொல்லல. தெரு பூராச் சொல்லல. பின்னாடி பைக்ல வந்தவன் சொன்னான்… அப்ப இத்தனை நாளா இந்த வலி எனக்கு ஒரு வேலையும் பார்க்கல, இல்ல? சம்பளம் மட்டும் வாங்கிக்கிட்டு, சும்மா உக்காந்திருந்திருக்கு. நான் இதுக்குக் கூடாரம் எல்லாம் கட்டிக் குடுத்து, ராத்திரியில காணோமேன்னு தேடி, கூப்பிட்டு உக்கார வெச்சு… சே! என்னை மாதிரி ஒரு ஏமாளி உண்டா?

…நீங்க இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல… ஆமா, நான் ஆஃப்ல வெச்சிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும். சரி, அதுவும் என் தப்புதான்.

…இப்பவா?… இப்பவேவா?… டாக்டர் முன்னாடி போடறேனே… சரி. சரி, சரி, போடறேன். ரிமோட் எங்க… இது டி.வி.யோடது… இது… ஆங், இதுதான். லைன்ல இருங்க, வெச்சுடாதீங்க…

…போட்டுட்டேன்…

…ஒண்ணும் இல்ல, இப்பத்தான் இடுப்புல… தொடை… ஆங், இறங்குது… ஒரு பாயின்ட் கூட்டறேன்… ஆ! போதும் போதும், இல்ல, சாய்ஞ்சு உக்காந்துட்டேன், சாய்ஞ்சாக் கூடுது… இப்ப சரி. முட்டிக்குக் கீழ வந்துடுச்சு. எறும்பு ஊர்ற மாதிரி, ஆனா நல்ல எறும்பு, கடிக்கற எறும்பு இல்ல… சிரிக்க வெக்காதீங்க அண்ணி, சிரிச்சா கரண்ட் கூடுது!

…இல்ல, எரிச்சல் இன்னும் இருக்கு. கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லியிருக்காங்க… கடையில ஆள் வந்தா நீங்க பாருங்க, நான் இருக்கேன்… இல்லையா? சரி…

…குறையுது அண்ணி… இடது கால்ல முதல்ல… ம்… ம்… வலதும்…

…பயமாத்தான் இருக்கு. பார்த்துக்கிட்டே இருக்கேன். அங்கதான் இருக்கு ரெண்டும். தலையெழுத்தைப் பாருங்க, காலைப் பார்க்காதே காலைப் பார்க்காதேன்னு ஊருக்கே கத்தினவளை, தினமும் காலைப் பார்த்துக்கோன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருக்காரு. புண்ணு கிண்ணு இருந்தாத் தெரியாதாம், கண்ணாடி வெச்சுப் பார்க்கணுமாம்… உங்க கடைக் கண்ணாடி இல்ல அண்ணி, முகம் பார்க்கற கண்ணாடி!

…சரி, எழுந்துட்டேன். கிளம்பறேன்… செருப்பா? நின்னுக்கிட்டே காலை உள்ள விடறேன்… போயிடுச்சு! இவ்வளவு நேரமா வராத செருப்பு இப்ப வருது பாருங்க… ஃபைல், சாவி, ரிமோட்… டி.வி. ரிமோட்டை வெச்சுட்டு வர்றேன், இல்லன்னா ஆஸ்பத்திரியில டாக்டரைச் சேனல் மாத்திடுவேன்… கதவு பூட்டியாச்சு.

…படியில இறங்கறேன், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேன். போனைத் தோள்ல இடுக்கிக்கக் கூடாதாம், இன்னொரு கையில வெச்சிருக்கேன்… மெதுவாத்தான். படியில மட்டும் காலைப் பார்த்துக்கறேன், அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது… ஆமா, டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். பொட்டி ஆஃப்ல இருந்துச்சு, என் மண்டையும் ஆஃப்ல இருந்துச்சுன்னு. இன்னும் ரெண்டு நாள் வயரை விட்டுப் பார்க்கணும்னா பார்க்கட்டும். வெச்சுடலாம்னா வெச்சுடட்டும்… ஆமா… ஆமா அண்ணி, சம்மதம்னுதான் சொல்லப் போறேன்.

…இதோ வந்துட்டேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறான் உங்க ஆளு. பின் கதவைத் திறந்து வெச்சிருக்கான்… என்னண்ணா? பேசிக்கிட்டுதான் இருந்தேன், உன் பொண்டாட்டிகிட்டதான்… பின்னாடி ஏற முடியாதுண்ணா, வளையணும். முன்னாடியே உக்கார்றேன்… இருங்க அண்ணி, உடம்பை நேரா வெச்சு, சாமான் இறக்கற மாதிரி இறக்கணும்… ம்… ஆச்சு. உக்காந்தாச்சு.

…இல்ல, இன்னும் எடுக்கல. அவன் எடுக்க மாட்டேங்கறான். சாவியைப் போட்டுட்டுக் குனிஞ்சு கீழயே பார்க்கறான்… என்னண்ணா பார்க்கறே?… ஒண்ணுமில்லையாம். பொய். என் கால் எங்க இருக்குன்னு பார்க்கறான் அண்ணி. இந்தப் பக்கத்து பிரேக் அப்படியேதான் இருக்கு. என் காலு அதுக்குப் பக்கத்துல. சொல்லவும் முடியாம, கேக்கவும் முடியாம முழிக்கறான், பாவமா இருக்கு…

…அண்ணா. இங்க பாரு. எனக்குக் குனிய முடியாது. நீ இறங்கி வந்து, என் ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வை… ஆமா, கடைசி நாள் வெச்சுக்குவேனே, அந்த மாதிரி… வெக்கம் எல்லாம் மேல வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். வா.

…வர மாட்டேங்கறான் அண்ணி. தொட்டாக் கத்துவேன்னு பயம். டாக்டர் கதை அவனுக்கும் தெரியும்ல… கத்த மாட்டேண்ணா. கத்தினாலும் பரவாயில்ல, தெருவுல உன் ஹாரனை விடவா பெருசாக் கேக்கப் போகுது?… சுத்தி வர்றான். செருப்பைக் கழட்டறான்… இருங்க அண்ணி, ஒரு நிமிஷம்…

…

…பிடிச்சுட்டான்.

…ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கான்…

…வலிக்கல அண்ணி…

…இல்ல, பிடிச்சிருக்கறது தெரியல. கண்ணால பார்த்துத்தான் தெரியுது. ஆனா வலிக்கல. ஒரு மனுஷன் என் காலைக் கையில பிடிச்சிருக்கான், நான் சும்மா உக்காந்திருக்கேன்… எத்தனை காலம் ஆச்சு… போதும்ணா, வெச்சுட்டேல்ல, விடு. விடுண்ணா, போற வர்றவங்க பார்க்கறாங்க…

…நான் எங்க அழறேன்? உங்க வீட்டுக்காரர்தான் அழறாரு. நீங்களே கேளுங்க, போனைக் குடுக்கவா?… வேணாமாம், கையை ஆட்டறான்… வந்து உக்காந்துட்டான். கண்ணைத் துடைச்சுக்கோண்ணா முதல்ல, ரோடு தெரியணும். என்னைப் பார்க்காதே, என் காலையும் பார்க்காதே. ரோட்டைப் பாரு. இன்னிக்கு உனக்கு என் பிரேக் கிடையாது. ஓட்டு.

…சரி அண்ணி, வெச்சுடவா? போன் பேசறவங்க பக்கத்துல இருந்தா டிரைவருக்குக் கவனம் சிதறும்னு நானே… ஆ! ஐயோ! என்னண்ணா இது!… ஒண்ணுமில்ல அண்ணி, பயப்படாதீங்க, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிட்டு நின்னு போச்சு… கிளட்ச்சுண்ணா, கிளட்ச்!… என்ன?… என்னையா சந்தேகப்படறீங்க?… நான் இல்ல அண்ணி! சத்தியமா நான் இல்ல! கால் ரெண்டும் சீட்டு மேல இருக்கு, இதோ, பார்த்துக்கிட்டே இருக்கேன்…